எந்த டிஸ்க் என்று தெரியாமல் கை வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டிலேயே ஒரு சேமிப்பு சர்வர் வைத்துக்கொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எதை வாங்குவது, எத்தனை டெராபைட் போதும், போனில் எடுக்கும் படங்கள் தானாக வந்து சேர என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் ஒரு டிஸ்க் பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும், பயப்பட வேண்டியதில்லை என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோய்விட்டார். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே நம்பிக்கையில் நானும் நான்கு வருடம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை என் கையாலேயே கழற்றி மேசைமேல் வைத்தேன்.

நான் கணினித் துறையில் இருந்தவள் இல்லை. மெய்ப்புத் திருத்துவது என் தொழில். என் சர்வர் ஓர் அலுவலகத்தில் ஓடிக் கழிந்த மேசைக் கணினி. அதற்குள் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகள் நான்கு. மகன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பல டிஸ்க்குகளை ஒரே தொகுப்பாக நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் என்ற மென்பொருளைப் போட்டு அமைத்துக் கொடுத்தான். நான்கில் எது ஒன்று போனாலும் மீதி மூன்றை வைத்து எல்லாக் கோப்புகளையும் படித்துவிடலாம் என்கிற அமைப்பு. அதில் என் வேலைக் கோப்புகள் உண்டு, குடும்பப் படங்கள் உண்டு. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானவை, அம்மா பேசிப் பதிவு செய்த 41 கேசட்டுகள். இரண்டு வருடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஓடவிட்டு டிஜிட்டலாக மாற்றினேன். அதற்குள்ளேயே பல நாடாக்களில் பூஞ்சை பிடித்திருந்தது. சில நாடாக்கள் ஒரு தடவை ஓடியதோடு சரி, அடுத்த தடவை ஓடவே இல்லை. அம்மாவின் குரல் இன்று அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. வீட்டு சர்வர் என்றதும் ஏதோ பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்காகவே இதைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை சர்வரிலிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு சொற்கள்தான் என் கண்ணில் பட்டன. டிகிரேடட், ஃபால்டட். முதல் சொல்லுக்கு, தொகுப்பில் ஓர் உறுப்பு குறைகிறது, ஆனால் கோப்புகள் எல்லாம் பத்திரமாகக் கைக்கு எட்டுகின்றன என்று பொருள். இரண்டாவது சொல், நிறையப் பிழை வந்ததால் அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கை ஒதுக்கி வைத்துவிட்டேன் என்று சர்வர் சொல்வது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. பழுதான டிஸ்க்கின் பெயர் எஸ்டிசி என்று இருந்தது. ஏ, பி, சி என்று எண்ணினேன், அப்படியானால் மூன்றாவது. கணினியை நிறுத்தி, பக்கவாட்டு மூடியைத் திறந்து, மேலிருந்து மூன்றாவதைக் கழற்றிவிட்டு, வாங்கி வைத்திருந்த புது டிஸ்க்கை அந்த இடத்தில் மாட்டி ஓடவிட்டேன்.

தொகுப்பையே காணோம். நிர்வாகப் பக்கத்தில், பயன்படுத்தாத டிஸ்க்குகள் இருக்கின்றன, புதிய தொகுப்பு உருவாக்கலாமா என்று கேட்டு ஒரு பெரிய நீலப் பொத்தான் மட்டும் இருந்தது. அதைத் தாண்டினால்தான் அடுத்த பக்கத்துக்குப் போக முடியும் என்று நினைத்தேன். மவுஸ் அந்தப் பொத்தானின் மேலேயே நின்றது. அழுத்துவதற்கு முன் மகனைக் கூப்பிட்டேன். கூப்பிடத் தோன்றியதே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

"அம்மா, எதையும் அழுத்தாதீங்க. முதல்ல பவரை நிறுத்துங்க. எதைக் கழட்டினீங்களோ அதையே அதே வயர்ல திரும்ப மாட்டுங்க."

மாட்டினேன். தொகுப்பு திரும்ப வந்தது. டிகிரேடட் என்றுதான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவன் கேட்டான், கழற்றும் முன் சீரியல் நம்பர் பார்த்தீர்களா என்று. நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் கணினி ஓட ஆரம்பிக்கும்போது எந்த டிஸ்க்கை முதலில் கண்டுகொள்கிறதோ அந்த வரிசையில் வைக்கும் பெயர்கள். இன்று எஸ்டிசியாக இருப்பது நாளை மறுபடி ஓடவிடும்போது எஸ்டிபியாகலாம். ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைச் செருகிவைத்தாலே வரிசை மாறிவிடலாம். பெட்டிக்குள் எது மேலே, எது கீழே என்பதற்கும் இந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மாறாமல் இருப்பது டிஸ்க்கின் சீரியல் நம்பர் ஒன்றுதான். சர்வரில் டிஸ்க்கின் மாடலையும் சீரியல் நம்பரையும் சேர்த்தே பெயராகக் காட்டும் வசதியும் இருக்கிறது. தொகுப்பை அமைக்கும்போதே அந்தப் பெயர்களில் அமைத்துவிட்டால், எச்சரிக்கை மின்னஞ்சலிலேயே சீரியல் நம்பர் வந்துவிடும். எங்கள் சர்வரில் இப்போது அப்படித்தான்.

ஆனால் மின்னஞ்சலில் நம்பர் வந்தால் மட்டும் போதாது, பெட்டிக்குள்ளும் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். என் டிஸ்க்குகளில் சீரியல் நம்பர் அச்சடித்த தாள் அகன்ற மேல்முகத்தில்தான் ஒட்டப்பட்டிருந்தது. டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இடையில் ஒரு விரல்தான் நுழையும். டார்ச் அடித்தாலும் நம்பர் தெரியாது. அன்று மதியம் சர்வரை முழுக்க நிறுத்திவிட்டு நான்கையும் வெளியே எடுத்தேன். நான் ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படிக்க, என் கணவர் திரையிலிருந்து எழுதி எடுத்த பட்டியலில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். பூஜ்யமா 'ஓ'வா, எட்டா 'பி'யா என்று இரண்டு இடத்தில் நின்றோம். மெய்ப்புப் பார்க்கும் கண்ணுக்கே அந்தச் சின்ன எழுத்து ஏமாற்று வேலை காட்டியது. பிறகு வெள்ளை ஒட்டுத்தாளில் கடைசி நான்கு எழுத்தை மட்டும் அழியாத மையில் பெரிதாக எழுதி, கேபிள் மாட்டும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில் ஒட்டினேன். மூடியைத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படும். பல டிஸ்க்குகளில் காற்றுப் போகச் சின்ன துவாரம் ஒன்று இருக்கும், மூடாதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதன்மேல் மட்டும் ஒட்டக் கூடாது. மொத்தம் ஒரு மணி நேர வேலை. சர்வர் வைத்திருக்கும் எல்லோரும் இந்த வாரமே, எல்லா டிஸ்க்கும் நல்லபடியாக ஓடும்போதே, இதைச் செய்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரியான டிஸ்க்கை மாற்றியதோடு கதை முடியவில்லை. புது டிஸ்க்கில் தரவை மறுபடி கட்டி எழுப்பும் வேலை தொடங்கி மூன்று மணி நேரத்தில், இன்னொரு டிஸ்க்கிலும் பிழை வருகிறது என்று அடுத்த மின்னஞ்சல். இரண்டாவதும் போய்விட்டால் எல்லாம் போச்சு. இந்தத் தடவை எதையும் கழற்றாமல், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தோம். அதில் வரிசையாக எண்கள் இருக்கும். 5 என்ற வரி, கெட்டுப்போனதால் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னக் கட்டங்கள். 197 என்ற வரி, படிக்க முடியாமல் இழுபறியில் இருக்கும் செக்டர்கள். இரண்டும் பூஜ்யம். ஆனால் 199 என்ற வரியில் காலையில் பூஜ்யமாக இருந்தது 200ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போக்குவரத்தில் சிதைந்துபோனவற்றின் கணக்கு அது. அது ஏறினால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். கழற்றி மாட்டிய அவசரத்தில் கேபிளை நான் சரியாக அழுத்தவில்லை. நிறுத்தி, வேறு கேபிள் போட்டோம். எண்ணிக்கை அதே இடத்தில் நின்றுவிட்டது. அந்த எண் திரும்பப் பூஜ்யமாவதில்லை. ஏறுகிறதா, நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அதே சமயம் ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருக்கின்றன என்று தூங்கிவிடவும் முடியாது. கூகுள் பொறியாளர்கள் மூன்று பேர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளின் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில், முக்கியம் என்று அவர்கள் கருதிய நான்கு ஸ்மார்ட் எண்களிலும் முன்கூட்டி எந்த அறிகுறியும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போகிற டிஸ்க்குகள்தான் அதிகம். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க்கிலும் இந்தக் கதை உண்டு. 2019இல் எச்பிஇ (ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) நிறுவனம், தன் சில எஸ்எஸ்டி மாடல்கள் மென்பொருள் கோளாறால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், உடனே திருத்திக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. கணக்குப் போட்டால் 3 வருடம், 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் ஓட ஆரம்பித்த நான்கு எஸ்எஸ்டி என்றால் நான்கும் ஒரே நாளில் போயிருக்கும். எத்தனை பிரதி இருந்தும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான், ஒரே நேரத்தில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க்குகளை மட்டுமே வைத்துத் தொகுப்பு அமைக்காதீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே பேக்கப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்படிப் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு ரெய்டு என்ற பெயர், 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையில் வந்தது. மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து, விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்கின் வேலையை வாங்குவதுதான் யோசனை. சின்ன டிஸ்க்குகள் அடிக்கடி பழுதாகும் என்பதால் கூடுதல் டிஸ்க் வைத்து ஈடுகட்டினார்கள். ஆக, அது ஓட்டம் நிற்காமல் இருப்பதற்கான ஏற்பாடு. நான் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் நான்கு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். பவர் சப்ளை வெடித்தால் நான்கும் சேர்ந்து போகும். நீலப் பொத்தானை அழுத்தினாலும் அப்படித்தான். அன்று காலை என்னிடம் பேக்கப் இருந்தது. அலமாரியில் ஒரு யூஎஸ்பி டிஸ்க். தேதியைப் பார்த்தேன், ஏழு மாதம் பழையது. கடைசி ஒன்பது கேசட்டுகளை மாற்றியது அந்த ஏழு மாதத்தில்தான். அந்த ஒன்பதில் மூன்று நாடா இனி ஓடாது. தொகுப்பு திரும்ப வந்த பிறகுதான் இந்தக் கணக்கையே போட்டேன். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

இப்போது இரண்டு யூஎஸ்பி டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று அக்கா வீட்டில், மாதம் ஒருமுறை இடம் மாறும். வீட்டில் இருப்பதில் வாரம் ஒருமுறை பேக்கப் ஓடும். ஓடி முடிந்ததும் கழற்றி வைத்துவிடுவேன், செருகியபடி விடுவதில்லை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்குக்குப் பக்கத்தில் வந்திருக்கிறேன். டிஸ்க் இடம் மாறும் நாளில், வந்த டிஸ்க்கிலிருந்து அம்மாவின் கேசட் ஒன்றை எடுத்து இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் கேட்பேன். பேக்கப் வெற்றி என்று திரை சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காதில் குரல் விழ வேண்டும்.

டிஸ்க் மாற்றிய ஒன்றரை வருடத்தில் மதர்போர்டு போனது. பொத்தானை அழுத்தினால் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும், அவ்வளவுதான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. நான்கு டிஸ்க்கையும் வேறொரு கணினிக்கு மாற்றினோம். ஒட்டுத்தாள் இருந்தும் கேபிள் வரிசை மாறிவிட்டது. ஆனால் இசட்எஃப்எஸ் தன் அடையாளத்தை ஒவ்வொரு டிஸ்க்கிலும் முன்னாலும் பின்னாலும் எழுதி வைத்திருப்பதால் வரிசை ஒரு பொருட்டே இல்லை. இந்தத் தொகுப்பைக் கடைசியாக வேறொரு கணினி பயன்படுத்தியிருக்கிறது, பரவாயில்லையா என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டது. முறைப்படி விடுவித்துவிட்டு வராததால் வரும் கேள்வி. பரவாயில்லை என்று அழுத்திச் சொன்னதும் எல்லாக் கோப்பும் வந்துவிட்டன. லினக்ஸ் இயங்குதளத்தோடு வரும் எம்டி ரெய்டு என்ற மென்பொருளும் இப்படித்தான், வேறு கணினியில் தானாகவே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ரெய்டு கார்டு என்று தனி அட்டை போட்டு அமைத்தவர்களுக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. அட்டை போனால் பெரும்பாலும் அதே குடும்பத்து அட்டையையே தேட வேண்டியிருக்கும். பத்து வருடம் கழித்து அது எங்கே கிடைக்கும்?

தரவு இருபது நிமிடத்தில் வந்தது. ஆனால் சர்வரைப் பழையபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவர எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குக் காரணமானவற்றை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலில், சர்வர் ஓடுகிறது, வீட்டிலுள்ள எந்தக் கணினியிலிருந்தும் அது தெரியவில்லை. மதர்போர்டு மாறினால் நெட்வொர்க் அட்டையும் மாறிவிடுகிறது. லினக்ஸ் அதற்குப் புதுப் பெயர் வைத்துவிடுகிறது. பழைய பெயருக்கு எழுதி வைத்த ஐபி முகவரி, அதாவது மற்ற கணினிகள் சர்வரைக் கண்டுபிடிக்கும் எண், அந்தரத்தில் நிற்கிறது. ரவுட்டரிலும் பழைய அட்டையின் மேக் முகவரிக்குத்தான் (அட்டையோடு பிறந்த அடையாள எண்) இடம் ஒதுக்கியிருந்தோம். தொலைவிலிருந்து நுழைய வழியே இல்லை. ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு போய் நேரடியாக மாட்டித்தான் சரிசெய்தேன். மானிட்டர் இல்லாமல் சர்வர் ஓட்டுகிறவர்கள், அவசரத்துக்கு மாட்ட ஒன்று எங்கே இருக்கிறது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

அடுத்து, கோப்பு கண்ணுக்குத் தெரிகிறது, திறக்க முடியவில்லை. அதன்பின் இயங்குதளத்தை வேறு டிஸ்க்கில் புதிதாக நிறுவியபோது என் பெயரிலும் கணவர் பெயரிலும் கணக்குகளை உருவாக்கினேன். வரிசை மாற்றி உருவாக்கிவிட்டேன். டிஸ்க்கில் கோப்பின் உரிமையாளராகப் பதிவாகியிருப்பது பெயர் இல்லை, ஓர் எண். பழைய சர்வரில் நான் 1000, அவர் 1001. புதியதில் அவர் 1000, நான் 1001. என் கோப்புகள் எல்லாம் அவருடையவை ஆகிவிட்டன. விஷயம் தெரிந்தால் சில நிமிட வேலை. தெரியாமல் நான் ஒரு மாலை முழுக்க டிஸ்க்கைச் சந்தேகப்பட்டேன்.

மூன்றாவதுதான் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது. கணக்கு வழக்கு, அடையாள ஆவணங்கள் இருக்கும் பகுதி மறைகுறியாக்கப்பட்டது, சாவி இல்லாமல் படிக்க முடியாது. அதைத் திறக்கும் சாவிக் கோப்பு, சர்வர் ஓட ஆரம்பிக்கும்போது தானாகத் திறந்துகொள்ளட்டும் என்று இயங்குதளம் இருக்கும் சின்ன எஸ்எஸ்டியில் வைக்கப்பட்டிருந்தது. அதற்கு வேறு பிரதி கிடையாது. போனது மதர்போர்டு என்பதால் அந்த எஸ்எஸ்டி பிழைத்தது, அதிலிருந்து சாவியை எடுத்தோம். எஸ்எஸ்டி போயிருந்தால், நான்கு டிஸ்க்கும் முழு ஆரோக்கியத்தோடு ஓடிக்கொண்டிருக்க, உள்ளே இருப்பதை இந்த உலகத்தில் யாராலும் படித்திருக்க முடியாது. சாவியின் பிரதியும் சர்வர் அமைப்புகளின் பேக்கப்பும் இப்போது ஒரு பென் டிரைவில் தனியாக இருக்கின்றன. சாவியைக் காகிதத்திலும் அச்சடித்துப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன்.

பவர் சப்ளை மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஒருவர் புது பவர் சப்ளை வாங்கிவிட்டு, பெட்டிக்குள் ஏற்கெனவே அழகாக வளைத்துக் கட்டியிருந்த பழைய கேபிள்களை அப்படியே புதியதில் செருகினார். செருகுவாய் பொருந்தியது. ஓடவிட்ட மறுநொடி ஐந்து டிஸ்க்கும் செத்துவிட்டன. டிஸ்க் பக்கம் இருக்கும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கம் இருக்கும் முனையில் எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்தால் டிஸ்க்கின் சர்க்யூட் தாங்காது. பவர் சப்ளையோடு வந்த கேபிளை மட்டுமே போடுங்கள். பழையதைக் கழற்றினால் அதன் கேபிளையும் அதோடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள்.

மாற்று டிஸ்க்கை முன்கூட்டி வாங்கி வைப்பது நல்லதுதான், ஆனால் வாங்கிய அன்றே சோதித்துவிட வேண்டும். நான் சோதிக்காமல் உறையோடு வைத்திருந்தேன். அது நல்ல டிஸ்க்காக அமைந்தது என் அதிர்ஷ்டம். இப்போது வாங்கியதும் முழு டிஸ்க்கிலும் எழுதிப் படித்துச் சரிபார்க்கும் சோதனையை ஓடவிடுகிறேன். 4 டெராபைட்டுக்கே இரண்டு மூன்று நாள் ஆகும். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் தொகுப்பு அதை ஏற்காமல் போகலாம், பெரியதாக இருக்கலாம். எஸ்எம்ஆர் வகையா, சிஎம்ஆர் வகையா என்றும் கேட்டு வாங்குங்கள். சிஎம்ஆரில் தரவு எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் அவை கூரை ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; ஒரு தடத்தைத் திருத்தினால் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். சாதாரணமாகப் படங்களைப் போட்டு வைக்கும்போது வித்தியாசம் தெரியாது. தொகுப்பை மறுபடி கட்டும்போது மணிக்கணக்கில் முடிய வேண்டியது நாள்கணக்கில் இழுக்கும். அத்தனை நாளும் மீதி டிஸ்க்குகள் மூச்சு வாங்காமல் ஓட வேண்டும்.

ஒத்திகை பார்ப்பதுதான் இவை எல்லாவற்றிலும் எனக்கு அதிக தைரியம் கொடுத்தது. நல்ல தொகுப்பிலிருந்து வேண்டுமென்றே ஒரு டிஸ்க்கை உருவிப் பாருங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பழகாத கை நிஜத் தரவில் பழகக் கூடாது. நான்கு பழைய பென் டிரைவ் போதும். மூன்றை வைத்து ஒரு குட்டித் தொகுப்பு உருவாக்கி, அதில் பத்துப் படங்களைப் போட்டு, ஒன்றைப் பிடுங்குங்கள். என்ன எச்சரிக்கை வருகிறது, எந்தச் சொல்லில் வருகிறது, மின்னஞ்சல் உண்மையிலேயே வந்து சேருகிறதா என்று பாருங்கள். எனக்கு முதல் ஒத்திகையில் மின்னஞ்சல் வரவே இல்லை. கடவுச்சொல் மாற்றியபோது சர்வரில் அதைப் புதுப்பிக்க மறந்திருக்கிறேன். எத்தனை மாதமாக வாய் அடைத்துக் கிடந்ததோ! அப்புறம் நான்காவது பென் டிரைவைச் செருகி, போனதற்குப் பதில் இது என்று சொல்லி, மறுபடி கட்டி எழுப்புவதை உட்கார்ந்து பாருங்கள். அந்தக் கட்டளையை ஒருமுறை தன் கையால் அடித்துப் பார்த்தவருக்கு, காலை ஆறு மணிக்கு நீலப் பொத்தான் பெரிதாகத் தெரியாது.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சர்வர் வாங்குவது எப்படி என்று எழுதிய அதே பக்கத்தில், டிஸ்க் மாற்றுவது எப்படி என்றும் ஒருநாள் எழுதச் சொல்லுங்கள். அதோடு, வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி ஒரு தாளும் தமிழில் அச்சிட்டால் நன்றாக இருக்கும். எச்சரிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன. டிகிரேடட், ஃபால்டட், அன்அவைலபிள் (கைக்கு எட்டவில்லை), ரீசில்வரிங் (மறுபடி கட்டி எழுப்புகிறது) என்ற நான்கு சொல்லுக்கும் எதிரே அதன் பொருளும், அப்போது செய்ய வேண்டியதும், செய்யவே கூடாததும் தமிழில் இருந்தால், வீட்டில் இருக்கும் யாரும் பதறாமல் படித்துப் பார்க்க முடியும். சர்வரை அமைத்துக் கொடுத்த பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத வீடுகள் எத்தனையோ இருக்கின்றன.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாளை நானே எழுதி, சர்வர் இருக்கும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். முதல் வரி, "அவசரம் இல்லை. புதிதாக எதையும் உருவாக்காதே." அடுத்து நான்கு டிஸ்க்கும் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு படம், சீரியல் நம்பர், வாங்கிய மாதம், உத்தரவாதம் முடியும் மாதம். தொகுப்பின் பெயர், நெட்வொர்க் முகவரி, எங்கள் இரண்டு பேரின் கணக்கு எண்கள், பேக்கப் டிஸ்க் எங்கே, சாவி எங்கே, மகனின் போன் நம்பர். இதை நான் எனக்காக எழுதவில்லை. நான் ஊரில் இல்லாதபோதோ, படுத்துக் கிடக்கும்போதோ, நான் இல்லாத காலத்திலோ, அம்மாவின் குரலை வேறு ஒருவர் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை, நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்க, பென் டிரைவ் ஒத்திகையைக் கணவரே அந்தத் தாளைப் பார்த்துச் செய்தார். நன்றாகவே செய்தார். பிறகு நிஜ சர்வரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, வசதிக்காகப் பெட்டியைப் படுக்க வைத்தார். தாளில் நான் வரைந்த படத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேலிருந்து மூணாவதுன்னு எழுதியிருக்கியே, பெட்டியைப் படுக்கப் போட்டா எது மேல?"

நான்கு வருடம் நிம்மதியாக இருந்து, ஒரு காலை முழுக்க அழுது, அதன் பிறகு இவ்வளவு கவனமாக எழுதிய தாளில் அந்த ஒன்றை விட்டிருக்கிறேன். 'மேலிருந்து' என்பதை அடித்துவிட்டு 'விசிறிப் பக்கத்திலிருந்து' என்று எழுதினேன். படத்தில் விசிறியையும் வரைந்து சேர்த்தேன். மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தவர் அவர்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி